துணைவி என்னும் சொல் போதாது: சோழர் செப்புத் திருமேனிகளில் தேவி

சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பற்றி எழுதப்படும் நூல்களிலும் கண்காட்சி மலர்களிலும் அருங்காட்சியகப் பெயர்ப்பலகைகளிலும் தேவியைக் குறித்த கருத்து ஒன்று ஏறத்தாழ முடிந்த முடிபாகவே வழங்கிவருகிறது. இறைவன் தெய்வம், தேவி அவனுடைய துணைவி என்பதே அதன் சாரம். ஆடவல்லானாகிய நடராசரைப் பற்றிப் பக்கம் பக்கமாகத் தத்துவம் பேசும் அதே நூல், அருகே நிற்கும் சிவகாமியிடம் வந்ததும் இடையின் நெளிவையும் தோளின் சரிவையும் மார்பின் திரட்சியையும் வருணித்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. அவனிடம் பொருள் தேடப்படுகிறது, அவளிடம் அழகு மட்டுமே தேடப்படுகிறது. இந்தப் பாகுபாடு திருமேனிகளிலேயே உள்ளதா, பார்ப்பவர்கள் அவற்றின்மீது ஏற்றியதா என்று கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

மறுக்கப்புகும் கருத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைப்பது முறை. அக்கருத்து ஐந்து சான்றுகளின்மேல் நிற்கிறது. தேவியின் உருவம் இறைவனுடையதைவிட உயரம் குறைந்தது என்பது முதற்சான்று. அவனுக்கு நான்கு கைகளும் மழுவும் மானும் இருக்க, அவளுக்கு ஆயுதம் ஏதுமற்ற இரண்டே கைகள் என்பது இரண்டாவது. அவளுடைய உடலமைப்பு உலகியற் பெண்ணின் இளமையையும் கவர்ச்சியையும் மிகுத்துக் காட்டுவதால் சிற்பியின் நோக்கம் பெண்ணழகே என்பது மூன்றாவது. வாஷிங்டனின் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் உள்ள புகழ்பெற்ற திருமேனியைப் போன்றவை உண்மையில் அரசியரின் உருவங்கள் என்பது நான்காவது. 11ஆம் நூற்றாண்டுக்கு முன் சிவன் கோயில்களில் அம்மனுக்குத் தனிச் சன்னிதி எழவில்லை, ஆகவே அவளுக்குத் தனி வழிபாடும் இருந்திருக்காது என்பது ஐந்தாவது. இவற்றை முன்வைத்தவர்களில் பலர் இத்திருமேனிகளை ஆழ்ந்து நேசித்த அறிஞர்கள். அவர்கள் காட்டும் தகவல்களிலும் பெரும்பகுதி சரியானதே. அந்தத் தகவல்களிலிருந்து இழுக்கப்படும் முடிவுதான் தவறு.

1. உயரம் குறைந்தால் தெய்வத்தன்மை குறைந்துவிடுமா? சிற்ப நூல்கள் உருவத்தின் தகுதியை அளப்பது நின்ற உயரத்தைக் கொண்டன்று. அவை ‘தாளம்’ என்னும் அளவுமுறையைக் கையாளுகின்றன. தாளம் என்பது அந்த உருவத்தின் முகநீளத்தையே அலகாக வைத்து முழு உடலையும் பகுக்கும் முறை. ஒரு தாளத்தில் பன்னிரண்டு அங்குலங்கள் அடங்கும். பிரமன், திருமால், சிவன் ஆகியோருக்கு ‘உத்தம தசதாளம்’ என்னும் 124 அங்குல அளவும், உமை, திருமகள், நிலமகள், துர்க்கை முதலிய தேவியருக்கு ‘மத்திம தசதாளம்’ என்னும் 120 அங்குல அளவும், இந்திரன் முதலிய தேவர்களுக்கு ‘அதம தசதாளம்’ என்னும் 116 அங்குல அளவும் உரியவை என்பதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் து. அ. கோபிநாத ராவ் ஆகமங்களிலிருந்து திரட்டிக் காட்டினார். மனிதருக்கு உரியது எட்டுத் தாளம், அதாவது 96 அங்குலம். சிவனுக்கும் உமைக்கும் இடையிலுள்ள வேறுபாடு நான்கு அங்குலம். உமைக்கும் மானுடப் பெண்ணுக்கும் இடையிலுள்ளது இருபத்து நான்கு அங்குலம். இந்திரனே அவளுக்குக் கீழேதான் வைக்கப்பட்டிருக்கிறான். ஒவ்வொரு வார்ப்பும் இந்த எண்களை மயிரிழை பிசகாமல் பின்பற்றியது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் எந்த வரிசையில் தேவி நினைக்கப்பட்டாள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தொகுதியில் தேவி சற்று உயரம் குறைந்து நிற்பது, இருவரும் ஒரே பீடத்திலோ அடுத்தடுத்த பீடங்களிலோ எழுந்தருளும்போது அமைய வேண்டிய காட்சிப் பொருத்தத்தைச் சார்ந்தது. உயரமே தகுதி என்றால், சோமாஸ்கந்தத் திருமேனியில் தாய் தந்தையரின் நடுவே விரற்கடை உயரத்தில் நிற்கும் கந்தனைப் பற்றி என்ன முடிவுக்கு வருவது? தஞ்சைப் பெரிய கோயிலான இராசராசேச்சரத்துக் கல்வெட்டுகள் இதில் இன்னும் நேர்மையானவை. அவை ஒவ்வொரு செப்புத் திருமேனிக்கும் ‘பாதாதிகேசாந்தம்’, அதாவது அடிமுதல் முடிவரை உள்ள உயரத்தை முழத்திலும் விரலிலும் பதிவு செய்கின்றன. கைகளின் எண்ணிக்கை, பீடத்தின் அளவு, பிரபை எனப்படும் ஒளிவட்டச் சட்டத்தின் சுற்றளவு வரை குறிக்கின்றன. இறைவனுக்கு என்ன கவனமோ தேவிக்கும் அதே கவனம். உயரம் அங்கே சொத்துக் கணக்கின் ஒரு வரி; தரவரிசையாக எவரும் அதைப் படிப்பதற்கு அக்கல்வெட்டுகளில் இடமே இல்லை.

2. கைகளை எண்ணித் தெய்வங்களுக்குத் தரம் பிரிப்பவர்கள் திருவெண்காட்டை மறந்துவிடுகிறார்கள். திருவெண்காட்டுக் கோயிலுக்கு 1011இல் இடபவாகனத் தேவரும், அடுத்த ஆண்டு அவருக்குரிய தேவியும் எழுந்தருளுவிக்கப்பட்டதை அக்கோயிலின் கல்வெட்டுகள் சொல்கின்றன. தஞ்சைக் கலைக்கூடத்தில் இன்று நிற்கும் அந்த இணையைப் பார்த்தவர்கள், சோழர் வார்ப்புக் கலையின் உச்சம் அதுவே என்று சொல்லத் தயங்குவதில்லை. அந்தச் சிவனுக்கு இரண்டே கைகள். மழுவும் இல்லை, மானும் இல்லை. இப்போது காணாமற்போன காளையின்மீது ஊன்றுவதற்காக ஒரு கை மடங்கி நிற்கிறது. இரண்டு கைகளால் தேவி மானுடப் பெண்ணாகிவிடுவாள் என்றால், அதே அளவுகோல் இந்தச் சிவனையும் மானுட இளைஞனாக்கிவிட வேண்டும். அப்படி எந்த நூலும் எழுதத் துணிந்ததில்லை. சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள பருத்தியூர் இராமனுக்கும், காளியன்மீது ஆடும் கண்ணனுக்கும் இரண்டு கைகளே உள்ளன.

கைகளின் எண்ணிக்கை, காட்டப்படும் செயலைப் பொறுத்து மாறுவது. அழிப்பவளாக எழும்போது காளி பல கைகளோடும் ஆயுதங்களோடும் தென்னாட்டுச் செம்பிலேயே வார்க்கப்பட்டிருக்கிறாள். தெற்கைவிட்டு விலகி இமயச் சாரலுக்குப் போனால், சம்பாவைச் சேர்ந்த பிரம்மோரில் 7 அல்லது 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இலட்சணா தேவியின் பித்தளைத் திருமேனி நான்கு கைகளோடு எருமையை அடக்கி நிற்கிறது. மேருவர்மன் என்ற அரசன் அதைச் செய்வித்தான், குக்கன் என்ற கைவினைஞன் அதைச் செய்தான் என்று அதன் பீடத்து எழுத்துகளே கூறுகின்றன. அவள் எந்த இறைவனின் பக்கத்திலும் நிற்கவில்லை. அதே அரசனும் அதே கைவினைஞனும் சத்ராடியில் எழுப்பிய சக்தி தேவியும் தனித்தே நிற்கிறாள்.

தேவியின் இரண்டு கைகளையும் ‘வெறுமையானவை’ என்று குறிப்பவர்கள் அவற்றின் பெயரையே கேட்டறியவில்லை. மடங்கிய வலக்கையின் முத்திரை ‘கடகம்’. விரல்கள் வளைந்து நடுவே ஒரு துளைபோன்ற இடைவெளியை விட்டிருக்கும், அதில் நாள்தோறும் புதுமலர் செருகப்படும். தொங்கும் இடக்கை ‘லோலம்’. பசுவின் வாலைப் போல் தளர்ந்து இறங்குவதாக நூல்கள் அதற்கு உவமை கூறும். சிற்பி அந்த மலரைச் செம்பில் வார்க்காமல் விட்டது வழிபடுவோர் அதை இட வேண்டும் என்பதற்காகவே. ஆயுதம் ஏந்திய கை வார்ப்போடு முடிந்துவிடுகிறது. கடகக் கை ஒவ்வொரு காலைப் பூசையிலும் நிறைவு பெறுகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் அது வெறுங்கையாகத் தோன்றுவது பெட்டியின் குறை.

எதிர்த்தரப்புக்கு இங்கே உண்மையான வலு தரக்கூடிய திருமேனி ஒன்றே. திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரருக்கு வலப்பக்கத்தில் இரண்டு கைகளும் இடப்பக்கமான உமையின் பாதியில் ஒரே கையும் உள்ளன. ஆண்பாதிக்கு இரண்டு, பெண்பாதிக்கு ஒன்று என்பதைத் தாழ்வின் அடையாளமாகப் படிக்கலாம் என்று தோன்றும். ஆனால் நான்கு கைச் சிவனின் பாதியும் இரண்டு கை உமையின் பாதியும் சேர்ந்தால் மூன்று கைகள்தாம் வரும். இரு பெரும் உருவ மரபுகளையும் சிதைக்காமல் ஓர் உடலில் இணைத்ததன் விளைவு அது. இடப்பாதி வலப்பாதிக்குத் துணையாக ஒட்டப்பட்டதாக அந்தத் திருமேனியைப் பார்த்த எவரும் சொல்லமாட்டார்கள், ஏனெனில் அந்த உடலின் எடை முழுவதும் இடுப்பில் ஒரே வளைவாகத் திரும்பி இரு பாதிகளையும் ஒன்றாகத் தாங்குகிறது.

3. யார் பார்ப்பதற்காக அந்த உடல் வடிக்கப்பட்டது? மூன்றாவது சான்றை முன்வைப்போர் கேட்க மறந்த வினா இதுவே. இன்று அருங்காட்சியகத்தில் ஒளிவிளக்கின் கீழ் காணப்படும் நிலை, கோயிலில் திருமஞ்சன வேளையில் அருச்சகர் மட்டுமே நெருங்கிக் கண்ட நிலை. பாலும் தேனும் சந்தனமும் ஆட்டி முடிந்ததும் பட்டு சார்த்தப்படும், அணிகள் பூட்டப்படும், மாலைகள் அடுக்கப்படும். திருவுலாவுக்கு எழுந்தருளும்போது முகமும் கைகளும் அடிகளும் தவிர வேறெதுவும் வெளியே தெரியாது. பீடத்தின் துளைகளும் வளையங்களும் தோளில் சுமக்கும் தண்டுகளைச் செருகவும் கட்டவும் அமைந்தவை. ஊரார் கண்டு வணங்கியது அந்த அலங்காரக் கோலத்தையே. பல நூற்றாண்டுத் திருமஞ்சனத்தில் மூக்கும் கன்னமும் மழுங்கிப்போன திருமேனிகள், அவை தொடப்பட்டதும் நீராட்டப்பட்டதும் பார்வைக்காக அல்லாமல் பூசைக்காகவே என்பதைத் தம் உடலிலேயே பதித்து வைத்திருக்கின்றன.

அப்படியானால், பட்டுக்குள் மறையப்போகும் உடலை அத்தனை நுட்பமாக ஏன் வடிக்க வேண்டும்? இந்த எதிர்வினா நியாயமானது. இதற்கு விடை தேவியைப் பற்றிய சைவ நினைவிலேயே இருக்கிறது. திருவண்ணாமலையில் அம்மனின் பெயர் உண்ணாமுலை. உலகனைத்துக்கும் தாயாயிருந்தும் எந்தக் குழந்தையும் பருகாத மார்பினள் என்பது அதன் பொருள். தாய்மையும் தளராத இளமையும் ஒரே உடலில் நிற்பது மானுடப் பெண்ணிடம் நிகழாதது, ஆகவே அந்த இளமை தெய்வத்தின் அடையாளம். அதே மார்பின் பாலைச் சீகாழிக் குளக்கரையில் பொற்கிண்ணத்தில் கறந்து சம்பந்தருக்கு உமை ஊட்டினாள், அப்பாலோடு ஞானமும் கலந்திருந்தது என்று பெரியபுராணம் விரித்துச் சொல்லும். சோழர் செம்பில் சம்பந்தர் ஒரு கையில் கிண்ணமும் மறுகையில் மேல்நோக்கிச் சுட்டும் விரலுமாகச் சிறு பிள்ளையாய் நிற்கிறார். அந்தக் கிண்ணம் எங்கிருந்து நிரம்பியது என்பதை அறிந்த அடியவருக்கு, தேவியின் மார்பைக் கவர்ச்சி என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கும் வருணனை, பாதி எழுத்துகளை அழித்துவிட்டுப் படித்த பாடம்போல் தோன்றும்.

சிற்பிக்குப் பெண்ணழகே நோக்கம் என்றால் காரைக்காலம்மையாரை எப்படி விளக்குவது? வற்றிய மார்பும் துருத்திய எலும்பும் தாளமேந்திய கைகளுமாக அவர் வார்க்கப்பட்டார். தேவியை வடித்த அதே மரபின் கைகளே அந்தப் பேயுருவையும் அன்போடு வடித்தன. ஒவ்வொரு பெண்ணுருவுக்கும் எந்த உடல் பொருந்தும் என்பதைச் சிற்பி பொருளை முன்னிட்டே முடிவு செய்தான். திருமாலின் இருபுறமும் நிற்கும் தேவியரிலும் இதே கவனத்தைக் காணலாம்: திருமகளுக்கு மார்பைச் சுற்றிய கச்சு உண்டு, நிலமகளுக்கு இல்லை, ஒருத்தியின் கையில் தாமரை, மற்றவள் கையில் குவளை. ஒரு துண்டுக் கச்சு இருப்பதும் இல்லாததும் யார் என்று அறிவிக்கும் குறியாக இயங்கும் கலையில், உடல் முழுவதையும் வெறும் கவர்ச்சியாகப் படிப்பது எழுத்தறியாதவன் ஏட்டைப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

இதற்கு எதிர்முனையில் நின்று, இத்திருமேனிகளில் உடலின் இன்பமே இல்லை, அதைக் காண்பதே குற்றம் என்பாரும் உளர். அவர்களும் தவறுகிறார்கள். உடலழகு அங்கே இருக்கிறது, வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கிறது. யாழைப் பழித்த மொழியாள் என்று வேதாரணியத்து அம்மனுக்குப் பெயரிட்ட மரபு குரலின் இனிமையைக் கண்டு கூசவில்லை. அழகை ஒப்புக்கொள்வதற்காகத் தெய்வத்தைக் கைவிட வேண்டும் என்ற கட்டாயம் அந்த மரபுக்கு ஒருபோதும் இருந்ததில்லை.

4. அரசியின் உருவம் என்ற ஊகம் எதன்மேல் நிற்கிறது? 1929இல் ஃப்ரீயர் கலைக்கூடத்தை அடைந்த, ஏறத்தாழ 107 சென்டிமீட்டர் உயரமுள்ள அந்தத் திருமேனி, கண்டராதித்தரின் தேவியும் உத்தம சோழனின் தாயுமான செம்பியன் மாதேவியைப் பார்வதி வடிவில் காட்டுவது என்று பல்லாண்டுகளாகச் சொல்லப்பட்டுவருகிறது. சரிந்த தோள்கள், நீண்ட உடல், அகன்ற இடுப்பு ஆகியவை மற்றத் தேவித் திருமேனிகளிலிருந்து வேறுபட்டிருப்பதும், அந்த அரசியின் பெயரைத் தாங்கிய ஊர்க் கோயிலில் அவருடைய உருவம் எழுந்தருளுவிக்கப்பட்டதை இராசேந்திரன் காலக் கல்வெட்டு குறிப்பதும் அந்த ஊகத்தின் ஆதாரங்கள். அரசிக்கு உருவம் எடுக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. வாஷிங்டனில் நிற்பது அதுதான் என்று அந்தக் கல்வெட்டு எங்கும் சொல்லவில்லை.

சோழர்கள் மனிதரின் உருவத்தைச் செய்தபோது அதை வெளிப்படையாகவே அறிவித்தார்கள் என்பதுதான் இந்த ஊகத்தை வீழ்த்தும் பெருஞ்சான்று. முதலாம் இராசராசனின் தமக்கை குந்தவை, தஞ்சைக் கோயிலுக்குத் தட்சிணமேரு விடங்கர் எனப்பட்ட ஆடவல்லானின் தேவியான உமாபரமேசுவரியையும் தஞ்சை விடங்கரின் தேவியான உமாபரமேசுவரியையும் செம்பில் எழுந்தருளுவித்தார். அதே கல்வெட்டுத் தொகுதியில், பொன்மாளிகைத் துஞ்சின தேவரான தம் தந்தை சுந்தர சோழரின் உருவத்தையும் தம் தாயின் உருவத்தையும் அவர் அமைத்தது தனியே பதிவாகியிருக்கிறது. தேவி தேவியாகவும் தாய் தாயாகவும் இரு வேறு வரிகளில் நிற்கிறார்கள். அக்கோயிலின் அலுவலரான ஆதித்தன் சூரியன் என்னும் தென்னவன் மூவேந்த வேளானும் இராசராசனின் உருவத்தையும் அவனுடைய தேவி உலோகமாதேவியின் உருவத்தையும் அமைத்து, அவை யாருடையவை என்று எழுதிவைத்தான். தாயை உமையின் வடிவுக்குள் மறைத்துவைக்கும் வழக்கம் இருந்திருந்தால், மகளாகிய குந்தவைக்கு அதைவிடப் பொருத்தமான வாய்ப்பு வேறெங்கும் கிடைத்திருக்காது. அவர் அதைச் செய்யவில்லை.

செம்பியன் மாதேவியே இதற்கு இன்னொரு சான்றைத் தருகிறார். திருநல்லம் என்னும் கோனேரிராசபுரத்தில் தம் கணவர் கண்டராதித்தர் பெயரால் அவர் எழுப்பிய கற்றளியில், கண்டராதித்தர் இலிங்கத்தை வணங்கும் புடைப்புச் சிற்பம் இருக்கிறது, அது யாரென்று சொல்லும் எழுத்தும் உடனிருக்கிறது. மனிதர் வணங்குபவராகக் காட்டப்பட்டார், வணங்கப்படுபவர் தெய்வமாகக் காட்டப்பட்டார். பிற்காலத்தில் திருமலையில் கிருட்டிணதேவராயரும் அவர் தேவியர் இருவரும் உலோகத்தில் நின்றபோதும் கைகளைக் கூப்பியே நிற்கிறார்கள். அவர்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. ஃப்ரீயர் திருமேனியின் வலக்கை கூப்பவில்லை. அது மலரை ஏற்கும் கடகம், வணங்கப்படுபவளின் கை.

உடலமைப்பின் மிகையோ, ஊகத்துக்குத் துணைநிற்பதைவிட அதை மறுக்கவே செய்கிறது. ஒருவரின் சாயலைப் பிடிக்க விரும்பும் கை அவருக்கே உரிய குறைகளையும் குறிகளையும் தேடும். இங்கோ தோளும் இடுப்பும் காலும் எந்த மானுட உடலிலும் அமையாத ஓட்டமான கோடுகளாக நீட்டப்பட்டிருக்கின்றன. அந்தச் சிற்பி தன் காலத்து மரபை அதன் எல்லைவரை இழுத்துப் பார்த்தான் என்பதே எளிய விளக்கம். ஒரு பேச்சுக்கு, அரசியை நினைத்தே அது வார்க்கப்பட்டது என்று ஒப்புக்கொண்டாலும் எதிர்த்தரப்பின் முடிவு கிட்டாது. அரசியை உயர்த்த வேண்டிய இடத்தில் தேவியின் உருவம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்றால் தேவியே அளவுகோல், அரசி அந்த அளவை நோக்கி ஏறுபவர். அந்த அரசியை நினைவுகூர விரும்புவோருக்குச் செங்கற்கோயில்களைக் கற்றளிகளாக்கிய அவருடைய திருப்பணிகள் கோனேரிராசபுரத்திலும் ஆடுதுறையிலும் விருத்தாசலத்திலும் கண்முன் நிற்கின்றன. ஐயத்துக்குரிய உடலொன்றில் அவரைத் தேடுவதால், ஐயமற்ற அந்தச் செயல்கள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன.

5. தனிச் சன்னிதி இல்லாததால் தனி வழிபாடு இல்லை என்பது கட்டடத்தை மட்டும் பார்ப்பவர் முடிவு. சிவன் கோயிலுக்குள் ‘திருக்காமக்கோட்டம்’ என்று கல்வெட்டுகள் அழைக்கும் அம்மன் சன்னிதி 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே பரவலாக எழுகிறது என்பது உண்மை. தில்லை என்னும் சிதம்பரத்தில் சிவகாமியின் திருக்காமக்கோட்டத்துக்கு 12ஆம் நூற்றாண்டில் நரலோகவீரன் செய்த திருப்பணிகள் புகழ்பெற்றவை. அதற்கு முன்போ, விசயாலயன் தஞ்சையில் நிசும்பசூதனிக்குக் கோயில் எடுத்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. இராசராசன் தஞ்சைக் கோயிலுக்கு விட்ட ஊர்களின் இறையிலி நிலங்களைப் பட்டியலிடும் கல்வெட்டுகளில் பிடாரி கோயில்களும் காடுகாள் கோயில்களும் சேட்டையார் கோயில்களும் ஊர்தோறும் வருகின்றன. ஆண் தெய்வத்தின் பக்கத்தில் நின்றால் மட்டுமே பெண் தெய்வத்தை வணங்கத் தெரிந்த சமூகம் அது என்பதை அந்தப் பட்டியல் ஏற்கவிடாது.

சிவன் கோயிலுக்குள்ளேயும், கல்லில் சன்னிதி எழுவதற்கு முன்பே செம்பில் தேவி தனித்துவிட்டாள். திருவெண்காட்டில் இறைவன் ஓராண்டும் தேவி மறு ஆண்டுமாக வந்தார்கள். தஞ்சையில் ஆடவல்லானுக்கு உரிய உமாபரமேசுவரியைக் குந்தவை தனித்து அளித்தார். அவளுக்குரிய அணிகள் இறைவனின் அணிகளோடு கலக்காமல் தனியே எழுதப்பட்டன. பொன் ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல்லாலும் மணிகள் பதித்த அணிகள் ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் எடைக்கல்லாலும் நிறுக்கப்பட்டு, கழஞ்சும் மஞ்சாடியும் குன்றியுமாகக் கணக்கில் ஏறின. தனிப் பீடம், தனிக் கொடையாளர், தனி அணிக்கணக்கு ஆகிய மூன்றும் வாய்த்த பின்னர்தான் சுவரும் விமானமும் வந்தன. திருக்காமக்கோட்டம் திடீரென்று தோன்றிய புதுமை என்று எழுதுவோர், அதற்கு வழிவகுத்த செப்புத் திருமேனிகளை அந்த வரலாற்றிலிருந்தே நீக்கிவிடுகிறார்கள்.

திருவிழாவின் ஒழுங்கு இந்த வாதத்தை முடித்துவைக்கப் போதுமானது. பஞ்சமூர்த்திகளின் உலாவில் பிள்ளையார், முருகன், சோமாஸ்கந்தர், அம்மன், சண்டிகேசுவரர் ஆகிய ஐவர் எழுந்தருளுகிறார்கள். சோமாஸ்கந்தம் என்பது உமையோடும் கந்தனோடும் அமர்ந்த சிவன்; உமை ஏற்கனவே அந்தப் பீடத்தில் கணவனின் பக்கத்தில் அமர்ந்திருக்கிறாள். இருந்தும் அதற்கடுத்து அம்மன் தனக்கென்று ஊர்தியில் தனியாக வருகிறாள். தில்லைத் தேரோட்டத்தில் சிவகாமிக்குத் தனித் தேர். துணைவி என்ற சொல்லே அவளை முழுவதும் விளக்கிவிடும் என்றால் இந்த இரண்டாவது எழுந்தருளலுக்கு வேலையே இல்லை. மனைவியாக அமர்ந்தவள் ஒரு பீடத்தில் இருக்க, அம்மனாக வருபவளுக்கு மரபு வேறொரு பீடம் தந்திருக்கிறது.

ஏட்டளவில் நிற்கும் பிழையாக இது இருந்திருந்தால் இத்தனை விரிவான மறுப்பு வேண்டியிருக்காது. பெயர்ப்பலகையில் ‘சிவனின் துணைவி’ என்று எழுதப்படும்போது, அவள் ஓர் இணையிலிருந்து கழன்ற பாதி என்றும் அந்தப் பாதி இல்லாமலும் மற்றது முழுமையே என்றும் படிப்பவர் கொள்கிறார். கூத்தனை நடுவில் நிறுத்தி விளக்கிட்டுச் சிவகாமியை வேறோர் அறைக்கு அனுப்பும் காட்சியமைப்புக்கு அந்தச் சொல்லே இசைவு தந்துவிடுகிறது. ஊர்ப்பெயர், கொடையாளர், பூசைமுறை ஆகிய அனைத்தும் இறைவனின் குறிப்பேட்டில் தேடப்பட, தேவியின் குறிப்பேட்டில் உயரமும் நூற்றாண்டும் மட்டும் மிஞ்சுகின்றன. சந்தை இதே சொல்லைத் தனக்கேற்ற விலையாக மொழிபெயர்த்துக்கொண்டது.

அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் பிரகதீசுவரர் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசரை 2008இல் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அதே கோயிலின் உமாபரமேசுவரியைச் சிங்கப்பூரின் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகம் 2007இல் 6.5 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தது. அளவும் காலமும் தேவையும் விலையைத் தீர்மானிக்கும் என்பது தெரிந்ததே. ஆனாலும் ஒரே கருவறை வளாகத்தில் ஒரே அருச்சகர் கையால் நீராடிய இருவரை இரண்டு நாடுகளுக்குப் பிரித்து விற்க எவருக்கும் கை நடுங்கவில்லை என்பதை அந்தக் காரணங்கள் விளக்கமாட்டா. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய நிழற்படத் தொகுப்பில் இருவரும் ஒரே ஊரின் பெயரின் கீழ் இருந்தார்கள். அடையாளம் காண அந்தப் படங்களே உதவின. 2014இல் நடராசரும் 2015இல் தேவியும், போனதைப் போலவே, தனித்தனியாக இந்தியா திரும்பினார்கள்.